புகைக்குச் சாட்சி

"சூரியன் சூடேறினா அதுக்கு நாங்க என்ன பண்றதுன்னு மேனேஜர் கேட்டா?" சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே மனைவி மடக்கினாள்.

நிலக்கரி மின்நிலையத்தை இன்னும் பத்து வருஷம் ஓட்டலாமா, மூடிவிடலாமா என்று இன்று நகரமன்றத்தில் கருத்துக் கேட்கிறார்கள். மூடச் சொல்லி அவர் பேச வேண்டும்; ஓட்டச் சொல்லி மின்நிலைய மேனேஜர் எதிர்த்துப் பேசுவார். மேடையேறிப் பழக்கமில்லை, அதனால்தான் வீட்டில் இந்த ஒத்திகை.

"சூரியன்தான் காரணம்னா வானத்துல மேலடுக்கும் சூடாகணும். அது குளிருது, கீழதான் கொதிக்குது. கரியமிலவாயு போர்வையாட்டம் சூட்டை மூடி வச்சிருக்கு."

"எரிமலை விடாத புகையையா நாங்க விட்டுட்டோம்பார்!"

"உலகத்து எரிமலையெல்லாம் சேர்ந்து ஒரு வருஷம் விடுற கரியமிலவாயுவை, நாம நாலஞ்சு நாள்ல விட்டுடறோம்."

"அடேங்கப்பா! அங்கேயும் இப்படியே போட்டுத் தாக்குங்க. என்னைப் பார்த்துப் பயப்படுற மாதிரி மேனேஜரைப் பார்த்தும் பயந்துடாதீங்க."

நகரமன்றத்தில் மேனேஜர் அதே இரண்டு கேள்விகளைத்தான் கேட்டார். கணவர் ஒரு சொல்கூடப் பிசகாமல் பதில் சொன்னார். அரங்கம் கைதட்டி ஓய்ந்ததும் தலைவர் முன்னால் சாய்ந்தார்.

"பிரமாதம்! நீங்க எந்தக் கல்லூரியில புரொபசர்?"

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கல்லூரி இல்லீங்க. இவரோட மின்நிலையத்துலதான் இருபத்தாறு வருஷமா பாய்லர் ஆபரேட்டர். மூடினா முதல்ல வீட்டுக்குப் போறவன் நான்தான். தெரிஞ்சேதான் சொல்றேன், மூடுங்க."