முதல் பக்கத்தில் நான்கு தாள்கள்

அவள் அவரிடம் பேசி நான்கு நாளாகிறது.

காரணத்தைக் கேட்டால் ஊர் சிரிக்கும். ஒரு பூதம்.

வேலூர் வெயிலில், இருவருக்கும் சேர்த்து நூற்றுப்பத்து வயதாகும் புருஷனும் பெண்டாட்டியும், பனிநாட்டுக் கதையொன்றை ஒரே பிரதியில் படித்து வருகிறார்கள். ஆறு பாகம். பூதங்களுக்கும் தேவதைகளுக்கும் தீராத சண்டை. அதில் ஒரு கிழட்டுப் பூதம் மட்டும், சிறகொடிந்த குட்டித் தேவதையைத் தன் தாடிக்குள் வைத்து வளர்க்கிறது.

அந்தப் பூதத்தின் மேல் அவளுக்கு உயிர்.

அவர் வேகமாகப் படிப்பவர். எப்போதும் ஐம்பது பக்கம் முன்னால் ஓடிவிடுவார். காலையிலேயே காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துவைத்து, படித்து நிறுத்திய இடத்தில் செருகிவைப்பார். அவளுக்குக் கொண்டை ஊசி.

முன்னால் போனவர் வாயைத் திறக்கக் கூடாது. அது வீட்டுச் சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை, மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே அவர் சொல்லிவிட்டார்.

“பாவம் அந்தப் பூதம். ஏரிப்பக்கமே போயிருக்கக் கூடாது.”

கை தட்டிலேயே நின்றுவிட்டது. சொன்னது சொன்னதுதான்.

அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனாள். அன்றைக்கே மிச்சத்தைப் படித்தாள். ஏரியின் பனி உடைந்து பூதம் மூழ்கியது. குட்டித் தேவதை கரையில் உட்கார்ந்திருந்தது. ஐந்தாம் பாகம் அத்தோடு முடிந்தது.

பிழைக்குமா?

மறுநாளே ஆறாம் பாகம் கூரியரில் வந்தது. அவள் தொடவில்லை. அவர் இந்நேரம் முடித்திருப்பார். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று முகத்தையும் பார்க்கவில்லை.

இன்று மாலை அவர் மாடிக்குத் துணி எடுக்கப் போனார். அவள் மெல்லப் புத்தகத்தை எடுத்தாள். கடைசிப் பக்கங்களில் தாளைத் தேடினாள்.

இல்லை.

நடுவிலும் இல்லை.

முதல் பக்கத்தில் இருந்தது.

திங்கள். அதன்மேல் செவ்வாய். புதன். வியாழன்.

தினமும் எடுத்திருக்கிறார். தினமும் அப்படியே மூடி வைத்திருக்கிறார். வாயில் ஒரு சேதி நிற்காத மனுஷன், ஒரு வரி படிக்கவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

அவர் துணியோடு இறங்கி வந்தார். அவள் கையில் புத்தகத்தைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

“அங்கயே நின்னா கேக்காது. இப்படி வந்து உக்காருங்க.”

உட்கார்ந்தார்.

நான்கு தாள்களையும் எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். கொண்டை ஊசியைத் தலையிலிருந்து எடுக்கவில்லை. சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

“ஏரியின் மேல் பனி பெய்துகொண்டிருந்தது.”

மின்விசிறி அனலைத்தான் இறக்கிக்கொண்டிருந்தது.

அவர் தோளில் கிடந்த துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.