கெட் வில் சூன்

"இந்தக் கார்டை எழுதின மகான் யாரு?"

ஆஸ்பத்திரி அறையே அதிரும்படி மாப்பிள்ளை கேட்டபோது, டிரைவர் முதலாளிக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். நாலு நாளாக அதுவும் அவர் வேலையாகிப் போயிருந்தது.

"நான்தாங்க."

"மாமா, இந்தக் கூத்தைக் கேளுங்க! சீக்கிரம் குணமாகுங்கன்னு சொல்ல 'கெட் வெல் சூன்'னு எழுதணும். இவரு 'ஈ' போட வேண்டிய இடத்துல 'ஐ' போட்டு, 'கெட் வில் சூன்'னு எழுதி வச்சிருக்காரு. என்ன அர்த்தம் தெரியுமா? சீக்கிரம் உயில் கிடைக்கட்டும்னு!"

டிரைவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். தமிழில் எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லை. முதலாளிக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று இங்கிலீஷில் எழுதப்போய், இருபது வருஷப் பிழைப்புக்கே உலை வைத்துக்கொண்டார்.

"ஐயா, சத்தியமா அப்படி நினைக்கலைங்க. ஒரே ஒரு எழுத்துதான்..."

"அந்த ஒரு எழுத்துதான்யா ஆளைக் காட்டிக்குடுக்கும்! மாமா, படுத்திருக்கிற மனுஷன்கிட்ட உயில் கேக்கற ஆளு நமக்கு எதுக்கு? இன்னைக்கே அனுப்பிடுங்க. இதோ, நான் எழுதின கார்டைப் பாருங்க. ஒரு புள்ளி தப்பு இருக்கா?"

தாடையில் பாதி நுரையோடு முதலாளி இரண்டு கார்டையும் மாறி மாறிப் பார்த்தார். மாப்பிள்ளையின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

"தப்பே இல்லை மாப்பிள்ளை. ஏம்பா, பேனா வச்சிருக்கியா?"

"இருக்குங்கய்யா. இப்பவே திருத்திடறேன்."

டிரைவர் பேனாவைத் திறந்தபோது நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"சார், உங்களைப் பார்க்க வக்கீல் வந்திருக்காரு. உயிலாம். எழுதியே கொண்டு வந்துட்டாராம், நீங்க கையெழுத்துப் போட்டா போதுமாம்."

"நான் வக்கீல் யாரையும் வரச் சொல்லலையேம்மா?"

"உங்க மருமகன் போன் பண்ணி, சீக்கிரம் வாங்கன்னு சொன்னாராம்."

"அது வந்து மாமா... சும்மா... ஒரு முன்ஜாக்கிரதைக்கு..." என்று மாப்பிள்ளை இழுத்தார்.

கார்டைத் திருத்தக் குனிந்த டிரைவரின் கையை முதலாளி பிடித்து நிறுத்தினார்.

"பேனாவை மாப்பிள்ளைகிட்ட குடுப்பா. திருத்த வேண்டியது அவரோட கார்டைத்தான்."