கதவு திறந்த நிமிடம்

ஸி தாமி இறந்து கிடந்த அறையின் வெப்பம் முழுவதும் மே பதினெட்டாம் தேதியாக மாறியிருந்தது.

"என்ன கிஸ்லான் இது? அவர் போனது மார்ச்சுல. நீ மே மாசத்தக் காட்டுற?" என்றார் நுஸ்ஹா மேடம். ஸெத்தாத் ஊரில் இருந்த அந்த விதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அவர்தான் தலைவி.

"புள்ளிக்கும் கமாவுக்கும் சண்டை, மேடம். நம்ம எக்செலுக்குத் தசமம்னா கமாதான். 18.5 டிகிரின்னு இருந்தா, அத அஞ்சாம் மாசம் பதினெட்டாம் தேதின்னு நெனச்சுக்குது." உதவியாளர் கிஸ்லானின் குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது. அவள் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அவள் வருவதும் போவதும்கூட அங்கே யாருக்கும் தெரியாது.

எக்செல் தாளைத் துடைத்துவிட்டுக் கோப்பை மறுபடி இறக்கினாள். இந்த முறை எண்கள் எண்களாகவே வந்தன. நிமிடத்துக்கு ஒரு வரிசை. உள்ளறைக் கணினி அறையின் சூட்டையும் தன் விசிறி வேகத்தையும் தானே எழுதி வைத்த கோப்பு அது. அந்த ஒரு நாளுக்கு உரியது மட்டும்.

ரமலானின் முதல் நோன்பு நாள் அது. அந்தக் கணினியைக் கவனித்து வந்த ஸி தாமி தரையில் கிடப்பதை மறுநாள் காலையில்தான் காவலாளி பா ஹம்மாதி கண்டார். மாரடைப்பு, நள்ளிரவு வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். மேடம் உடனே அந்தக் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, கணினியை அணைத்து அறையைப் பூட்டிச் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகும் அந்த மூடிய கதவுக்குப் பின்னால் விசிறி ஓடும் சத்தம் கிஸ்லானுக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. வீட்டில் ஹரீரா சூப்பை வாய்க்குக் கொண்டுபோகும்போதும் கேட்டது.

மதியம், மாலை என்று வரிசைகளை வேகமாக உருட்டினாள். எல்லாம் 18.5.

"நில்லு. மேல போ. அங்க என்னமோ ஏறிச்சே?"

அவள் மேலே போனாள். 19:08. வெப்பம் 20.1. அடுத்த நிமிடம் 20.6. பிறகு மெல்ல இறங்கிப் பழையபடி 18.5.

"கதவு திறந்தா தாழ்வாரத்துச் சூடு உள்ள போகும். அதானே?"

"ஆமா, மேடம்."

"அப்ப யாரோ திறந்து பார்த்திருக்காங்க. பார்த்துட்டு மூடிட்டுப் போயிருக்காங்க." மேடம் எழுந்து வாசலுக்குப் போய்க் கூப்பிட்டார். "பா ஹம்மாதி!"

பெரியவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"அன்னிக்கு எப்ப வீட்டுக்குப் போன?"

"அஞ்சரைக்கு, லல்லா. நோன்பு திறந்துட்டு ஏழுக்கு வந்தேன். எப்பவும் அதானே வழக்கம்?"

"ஏழுக்கு மேல உன்னத் தவிர உள்ள யாரு?"

"ஒருத்தருமில்ல. கேட்டைப் பூட்டிட்டேனே."

"ஏழு மணி எட்டு நிமிஷத்துக்கு அந்த அறைக்கதவு திறந்திருக்கு."

பெரியவர் திரையைப் பார்த்தார். அவருக்கு அதில் கோடுகள்தான் தெரிந்தன. "அல்லா சத்தியமா நான் உள்ள வரல. வெள்ளிக்கிழமைன்னா ஒரே தட்டுல குஸ்குஸ் சாப்பிட்டவங்க லல்லா நாங்க. அவர விட்டுட்டா போவேன்? அவரேதான் ஆள் தேடி எந்திரிச்சாரோ என்னமோ…"

"பேய் வந்தா குளிரும்பாங்க. இங்க சூடு ஏறியிருக்கு." மேடம் கையை நீட்டினார். "சாவிக் கொத்த வச்சுட்டுப் போ. தாமியோட பொண்டாட்டி தினமும் போன் பண்ணிக் கேக்குது, யாருமே பாக்கலயான்னு. இன்னிக்கு நான் உன் பேரத்தான் சொல்லப் போறேன்."

சாவிக் கொத்து மேஜையில் விழுந்தது. பெரியவர் கிஸ்லான் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"நீ படிச்ச பொண்ணு. சொல்லும்மா. அந்தப் பெட்டி பொய் சொல்லாதா?"

கிஸ்லானுக்கு மறுபடி விசிறிச் சத்தம் கேட்டது. ஒரு வரிசையை அழிக்க ஒரு விரல் போதும். காலையிலிருந்தே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சூட்டுல பொய் இல்ல, பா ஹம்மாதி. நேரத்துல இருக்கு." முதல்முறையாக அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது. "ரமலானுக்காக நாடே கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால வச்சுச்சு. அந்தக் கணினிக்கு இணைப்பு கிடையாது. அது பழைய நேரத்துலயே ஓடிட்டிருந்துச்சு. இது ஏழு எட்டு இல்ல, மேடம். ஆறு எட்டு. அப்ப இவர் வீட்டுல, பேரப்பிள்ளைங்களோட பாங்குக்குக் காத்திட்டிருந்தார்."

"யா ரப்பி!" பெரியவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

மேடம் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"வருஷா வருஷம் அதைத் தாமிதான் தன் கையால மாத்துவார். ஒரு தடவ தவறினதில்ல. இந்தத் தடவ மாத்தலன்னு உனக்கு எப்படித் தெரியும்? மறுநாளே பூட்டிட்டேன். சாவி என்கிட்ட இருக்கு."

கிஸ்லான் மேஜையில் கிடந்த சாவிக் கொத்தைப் பெரியவர் பக்கம் நகர்த்தினாள்.

"அவர்கிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு நான்தான் கதவத் திறந்தேன். திரையில ஏழு எட்டுன்னு இருந்துச்சு. கடைசி டாக்சியும் போயிருக்கும்னு பயந்து ஓடிட்டேன். தெருவுக்கு வந்தா இன்னும் வெயில் இருந்துச்சு. நேரம் தப்புன்னு தெரிஞ்சும் திரும்பிப் போகல."

"அவர் கீழ கிடந்தாரே! அதப் பார்க்கலயா?"

நோன்புக் களைப்பில், போன ரமலான் முழுக்க, ஸி தாமி மாலையானால் அந்தக் குளிர்ந்த தரையில் அட்டை விரித்துப் படுப்பார். எழுப்பினால் திட்டுவார். அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"தூங்குறார்னு நெனச்சேன், மேடம்."