மிஞ்சிய படிவம்

மாதா கோவில் மணிக்கூண்டில் பறவைகள் ஒரு சேவைச் சங்கம் நடத்திவந்தன. அதற்குத் தலைவி ஒரு புறா. ஊரில் தனிமையில் வாடும் பறவைகள் எத்தனை என்று ஆய்வு செய்யச் சொன்னது அதுதான். "படிவத்தை அவரவரே நிரப்பக் கூடாது. இன்னொருவர் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்பதே பாதி மருந்து" என்று விதியும் போட்டது. தலைவி சொன்னால் சொன்னதுதான்.

மைனா கூடு கூடாகப் போய் எல்லாரையும் கேட்டு முடித்தது. ஒரு படிவம் மிஞ்சியது.

"என்னை யாரும் கேட்கலையே, மைனா?" என்றது புறா.

மைனா விழுந்து விழுந்து சிரித்தது. "போங்கம்மா! உங்களுக்கென்ன, நாள் முழுக்க உங்களைச் சுத்திக் கூட்டம். இந்தாங்க அறிக்கை, கையெழுத்துப் போட்டு வைங்க. நான் ஜெபத்துக்குப் போறேன்."

புறாவும் சிரித்துவைத்தது. மைனா பறந்த பிறகு, மிஞ்சிய படிவத்தை விரித்து முதல் கேள்வியை வாய்விட்டு வாசித்தது.

"இன்று உங்களை யாராவது 'சாப்பிட்டீங்களா' என்று கேட்டார்களா?"

பதில் எழுதப் போனபோது, தான் போட்ட விதி ஞாபகம் வந்தது. படிவத்தை மடித்து வைத்தது. அறிக்கையை எடுத்து, 'விடுபட்டவர் எவருமில்லை' என்ற கடைசி வரிக்குக் கீழே கையெழுத்திட்டது.