காரம் தூக்கலான ரோஜாக்

"அப்பா, திரும்பிப் பாக்காதீங்க. அந்தப் பச்சை முக்காடுக்காரி மறுபடி வந்திருக்கா."

ஹம்டான் உடனே திரும்பிப் பார்த்தார்.

"வேணாம்னு சொன்னா முதல்ல அதைத்தான் செய்வீங்க!" என்று மகள் சுராயா பல்லைக் கடித்தாள்.

தைப்பிங் ஏரிக்கரையில், மழைமரத்தின் அடியில் அவர்களுடைய ரோஜாக் வண்டி. மாங்காய், அன்னாசி, வெள்ளரி, ஜம்பு என்று அப்பா நறுக்கித் தள்ளுவார். இறால் விழுதும் புளியும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்புச் சாற்றை ஊற்றி மகள் பிரட்டிக் கொடுப்பாள்.

பக்கத்து வண்டியில் கரும்புச்சாறு பிழியும் ஜமிலா எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்தே சொன்னேன்ல? மெரிசிக் வந்திருக்காங்க. எங்கிட்ட ஜூஸைக் குடிச்சுக்கிட்டே உங்க வீட்டைப் பத்திதான் துருவித் துருவிக் கேட்டா. நல்ல குணமா, தொழுவாங்களா, வீடு சொந்தமான்னு."

மெரிசிக் என்றால் முறையாகப் பெண் கேட்பதற்கு முன்னால், வந்த காரியத்தைச் சொல்லாமல் நோட்டம் பார்த்துவிட்டுப் போவது. பிடித்துப்போனால் மோதிரம் வரும். பிடிக்காவிட்டால் தின்ற தட்டை வைத்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

ஹம்டான் அவசரமாகச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். "நீயே பிரட்டிக் குடு. கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா இரு."

"நான் எந்த வீட்டுக்கும் போறதா இல்லை. அம்மாவும் இல்லை, நான் போயிட்டா ராத்திரி யாரோட பேசுவீங்க? மிச்சமான அன்னாசியோடயா?"

"அன்னாசி உன்னை மாதிரி எதிர்த்துப் பேசாது."

அதற்குள் பச்சை முக்காடு வண்டியருகே வந்துவிட்டது. முப்பத்தைந்து வயது இருக்கும். மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்புக் கார். பின் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஒரு வயதான அம்மாள் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள்.

மாப்பிள்ளையின் பாட்டியாக இருக்கும் என்று சுராயா கணக்குப் போட்டாள்.

"ஒரு தட்டு போடும்மா. காரம் அளவா இருக்கட்டும்."

சுராயா ஊசிமிளகாயைக் கை நிறைய அள்ளி நசுக்கிப் போட்டாள். வந்தவள் குச்சியால் ஒரு மாங்காய்த் துண்டைக் குத்தி வாயில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அல்லா!"

"என் கைப்பக்குவம் அப்படித்தான்க்கா. பிடிச்சா சாப்பிடுங்க."

ஹம்டான் பாய்ந்து வந்து தட்டைப் பிடுங்கினார். "அவளுக்கு இன்னிக்குத் தலைவலி. நீங்க இந்தக் கரும்புச்சாறைக் குடிங்க முதல்ல." பேசிக்கொண்டே புதிதாகப் பழம் நறுக்கி, சாறு ஊற்றி, மேலே வறுத்த கடலைப்பொடியைத் தூவி நீட்டினார்.

அவள் தின்றாள். அடுத்த துண்டையும் தின்றாள். "அடேங்கப்பா! இந்தச் சாறு யார் காய்ச்சினது?"

"மகதான்," என்றார் ஹம்டான்.

"பொய்! எனக்குச் சுடுதண்ணி வைக்கவே வராதுக்கா. சாறு காய்ச்சுறது அப்பா. வீட்டுல சோறு, குழம்பு, மீன் கழுவுறது, எல்லாம் அப்பா."

"துணி துவைக்கிறது?"

"அதுவும் அப்பாதான். தேய்ச்சு மடிச்சும் வச்சுடுவாரு."

ஹம்டான் வண்டி மறைவில் மகளின் காலை மிதித்தார். சுராயா காலை இழுத்துக்கொண்டாள்.

"வீட்டுல கோபதாபம் எப்படி?"

"எனக்கு மூக்குக்கு மேல வரும். போன மாசம் கோபத்துல பெரிய பானையைப் போட்டு உடைச்சேன். அப்பா ஒரு வார்த்தை பேசலை, உக்காந்து ஒட்ட வச்சுக்கிட்டு இருந்தாரு."

"குறட்டைச் சத்தம் ஏதும்..."

"நான் விடுவேன். லாரி மேடு ஏறுற மாதிரி. அப்பா தூங்கினா இருக்காரா இல்லையான்னே தெரியாது."

ஜமிலா பிழிந்த கரும்பையே மறுபடியும் பிழிந்துகொண்டிருந்தாள்.

பச்சை முக்காடுக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, மீதித் தட்டை எடுத்துக்கொண்டு காருக்குப் போனாள். ஜன்னலிலிருந்து வளையல் போட்ட கை ஒன்று வந்து தட்டை வாங்கியது. காருக்குள் வெகுநேரம் பேச்சு நடந்தது.

"கெடுத்துட்டியே! நல்ல இடமா இருந்திருக்கும்," என்றார் ஹம்டான்.

"கெட்டா கெட்டுப் போகட்டும். உங்களைத் தனியா விட்டுட்டுப் போற இடம் எனக்கு நல்ல இடமில்லை."

தட்டு காலியாகத் திரும்பி வந்தது. கூடவே, பச்சை முக்காடுக்காரியின் கையில் நீல வெல்வெட் பெட்டி ஒன்று.

ஜமிலா "ஆ" என்று வாயைப் பிளந்தாள். சுராயா இரண்டடி பின்வாங்கினாள்.

"அக்கா, இவ்வளவு சொல்லியுமா? நீங்க எத்தனை தடவை வந்தாலும் என் பதில் ஒண்ணுதான். எனக்கு வேணாம்."

"உனக்கு எடுத்துட்டு வரலைம்மா."

அவள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே, சுராயாவின் கட்டைவிரலில்கூட நிற்காத அளவுக்கு அகலமான ஆம்பளை மோதிரம். வெள்ளியில் செய்து சிவப்புக்கல் பதித்தது.

"கார்ல இருக்கிறது எங்கம்மா. எங்கப்பா இறந்து நாலு வருஷமாச்சு," என்று சொல்லிவிட்டு, அவள் ஹம்டான் பக்கம் திரும்பினாள். "போட்டுப் பாருங்க மாமா, அளவு அம்மா குத்துமதிப்பாத்தான் சொன்னாங்க."