நாலு மணிச் சண்டை

"அண்ணாவாவது ஆட்டுக்குட்டியாவது! ஓட்டுப் போடத் தெரியாத முட்டாள் நீ!"

"உன் கட்சி கிழிச்சதைத்தான் பார்த்தோமே, வாயை மூடுடா!"

சுவருக்கு அந்தப் பக்கம் சரியாக நாலு மணிக்கு ஆரம்பித்துவிட்டது. லேக் கார்டன்ஸ் இரண்டாம் மாடியில், அலமு சுவரிலிருந்து காதை எடுக்க மனமில்லாமல் எடுத்து, அரசாங்க ஆபீஸிலிருந்து வந்திருந்த ராஜ்மோகனைப் பார்த்தாள்.

"கேட்டேளா? மஹாதேவனும் சேஷாத்ரியும். கூடப் பிறந்தவா. தினமும் இதே கூத்து. என் பொண்ணு சத்யப்ரியாவைப் பார்க்க வந்த முதல் கோஷ்டி கேசரியைத் தொடாம எழுந்து போச்சு. ரெண்டாவது கோஷ்டி செருப்பைக்கூட விட்டுட்டு ஓடித்து. ஞாயித்துக்கிழமை காளிகாட்லேர்ந்து மூணாவது வரா. இதுவும் தட்டிப்போனா அவ்வளவுதான்."

"அதுக்குத்தானே மாமி, கவர்மென்ட் 'மரியாதைப் பேச்சு' திட்டமே கொண்டுவந்திருக்கு. வேற யாராவது சொல்லிப் பார்த்தாங்களா?"

"பேட்டை கிளப் பசங்க வந்து சொல்லிப் பார்த்தா. காளி கோயில் பூசாரிகூட வந்து பார்த்துட்டார். ரெண்டு பேரும் மசியலை."

பூசாரி எதற்கு என்று அவன் கேட்கவில்லை. வேலைக்குப் புதிது, படிவத்தில் அப்படியொரு கட்டமும் இல்லை.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனவனை அலமு முந்திக்கொண்டு, கதவில் சாய்ந்து நின்றாள்.

"தட்டினா வெறி ஏறும். அடியிலே தள்ளுங்கோ."

'இனி மரியாதையாகவே பேசுவோம்' என்ற உறுதிமொழிப் படிவத்தையும் பேனாவையும் கதவிடுக்கில் தள்ளினான். உள்ளே சத்தம் சட்டென்று அடங்கியது. காகிதம் திரும்பி வந்தபோது அதில் இரண்டு கையெழுத்து.

ராஜ்மோகன் விரலை உதறிக்கொண்டான். "உள்ளே ஏசியா மாமி? காகிதம் ஐஸா இருக்கே!"

"இருக்கும், இருக்கும்."

ஞாயிறு, நாலு மணி. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கேசரியை வைத்துவிட்டு, அலமு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, உங்க கருத்தை மதிக்கிறேன். ஆனா…"

"முழுசாச் சொல்லுங்கோ தம்பி. நான் குறுக்கே பேசலை."

"எவ்வளவு பண்பான அக்கம்பக்கம்!" என்று பூரித்துப்போன மாப்பிள்ளையின் அம்மா, கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

தை மாதம் கல்யாணம். சத்யப்ரியா காளிகாட்டுக்குப் போனாள். 'பண்பான குடும்பம்' சான்றிதழோடு அண்ணன் தம்பியைத் தேடி வந்த ராஜ்மோகன், அலமு மறைத்து நிற்காத அந்தக் கதவில் துருவேறித் தொங்கிய பூட்டை அன்றுதான் பார்த்தான்.

"எங்கே போயிருக்காங்க, மாமி?"

"போன எலெக்‌ஷனுக்கு முந்தியே, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா, ரெண்டு பேரையும் மயானத்துக்குக் கொண்டுபோயாச்சு. அதனாலென்ன, அடியிலே தள்ளுங்கோ. வாங்கிப்பா."

மறுவாரமே அவன் சிலிகுரிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தானாம்.