பயத்துக்குப் புள்ளி

"பயமா ஐயா? ஒண்டில இருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்கோ."

"ஒண்டு" என்றார் நுரைச்சோலை பாறூக்.

சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளியின் பயத்தை அளக்க ஆறு கேள்விகள். மூன்று மொழியிலும் அச்சடித்துத் தந்திருக்கிறார்கள். 'மயக்கமருந்து குறித்து நான் பதற்றமடைகிறேன்' என்று எங்கள் வாட்டில் எந்த மனிசரும் கதைப்பதில்லை. அதனால் நேர்ஸ் நானே வாயால் கேட்டு எழுதிவிடுவேன். ஒன்று என்றால் பயமே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் இவருடைய மனைவி சபூராவிடமும் நான்தான் கேட்டேன். அவரும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் சொன்னார். கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

பிறகு பக்கத்துக் கட்டில் அக்னஸிடம், செய்த பிழை ஏதும் இருந்தால் பொறுக்கச் சொல்லி மாப்புக் கேட்டார். தேத்தண்ணி கொண்டுவந்தவளிடமும் கேட்டார். என் கையைப் பிடித்தும் கேட்டார்.

நான் வன்னிப் பிள்ளை, முஸ்லிம் ஆக்களோடு பழகியதில்லை. மரியாதைக்குக் கேட்கிறார் என்று சிரித்துவிட்டேன். ஊசி குத்தியதற்கு நானல்லவா கேட்கவேண்டும்! திரும்பி வராமல் போய்விடுவோமோ என்றுதான் அப்படிக் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. கடதாசியிலும் அதற்குக் கட்டம் இல்லை.

கடைசியாகப் புருஷனிடம் கேட்டார்.

பாறூக் கொடுக்கவில்லை. கொடுத்தால் வழியனுப்பிவைத்தது போலாகிவிடும் என்று பயம்.

"திரும்பி வா புள்ள. வந்தாப் பொறகு தாறன்" என்று பகிடி பண்ணினார்.

ட்ரொலி கதவைத் தாண்டும்வரை சபூரா அவரையே பார்த்துக்கொண்டு போனார்.

திரும்பி வரவில்லை. நான் எழுதிய அந்த ஒன்றுகளை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

இன்று பாறூக்குக்கு வயிற்றில் கட்டி எடுக்கிறார்கள். ஆறு கேள்விக்கும் ஒன்று. கூட்டினேன், ஆறு. அதைவிடக் குறைய யாராலும் எடுக்க முடியாது.

இந்த முறை நான் ஏமாறவில்லை. படிவத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் யாரிடமும் மாப்புக் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற மகள் நுஸ்ராவிடம்கூடக் கேட்கவில்லை. எனக்குப் பெரிய நிம்மதி. உண்மையிலேயே பயமில்லாத மனிசன்.

ட்ரொலியில் ஏற்றியபோது சும்மா சீண்டினேன்.

"என்னட்ட மாப்புக் கேக்கேல்லையே ஐயா?"

நுஸ்ரா ட்ரொலியின் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். பாறூக் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கேக்கிறதுக்கு இல்ல மகள். ரெண்டு வருசமாக் குடுக்காததக் குடுக்கத்தான் போறன்."